இரண்டு சம்பந்திகளும் ஒரு மீன் பானையும்

பழவேற்காடு,
பவ வருஷம், பங்குனி பத்தாம் தேதி.

நாகப்பட்டினத்தில் உலாந்தா வெள்ளைக்காரர் கம்பெனிப் படகுத்துறை ஓரம் குடியிருக்கும் என் மகள் சௌபாக்கியவதி தனக்கோடிக்கு, கோட்டைக்குப்பத்திலிருந்து உன் நைனா தேசப்பன் சொல்லி அனுப்புவது. எழுதுகிறவர் கோட்டைக் கணக்கர் தருமலிங்கம். எழுத்து அவருடையது, பேச்சு என்னுடையது. கடலம்மா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை பச்சைமுத்துவும் மற்றவர்களும் நல்லபடியாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும். மற்றவர்கள் என்றால் யார் என்று தருமலிங்கம் கேட்கிறார். எழுதும் ஐயா, பிறகு சொல்கிறேன் என்றேன்.

கடிதத்தைக் கண்டதும் நீ பயந்திருப்பாய். இரண்டு வருஷமாக ஒரு சொல்லும் அனுப்பாத நைனாவிடமிருந்து இத்தனை காகிதம் வந்தால், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. அவள் என்னைத் திட்டுகிற சத்தம் கோட்டை மதில் வரைக்கும் நன்றாகவே கேட்கிறது. ஆகவே நிதானமாக உட்கார்ந்து, படிக்கத் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துக் கேள்.

இந்த வருஷம் முகத்துவாரம் இன்னும் அடைபடவில்லை. அலைத்தண்ணீர் ஏரிக்குள் வந்துபோகிறது. மாசியில் இறால் நன்றாகப் பட்டது. படகின் பக்கப் பலகை ஒன்று விரிசல் விட்டிருந்தது, மாற்றிவிட்டேன். நீ விட்டுப்போன கறுப்பாடு மூன்றாவது ஈத்தில் இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று உன் அம்மா எங்கே போனாலும் பின்னாலேயே போகிறது. மற்றொன்று என் தலைப்பாகையைத் தின்றுவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் ஆரம்பாக்கம் எல்லப்பனைப் பற்றியது. அதாவது உன் மாமனாரைப் பற்றியது. இதைச் சொன்னதும் தருமலிங்கம் இறகை மைக்கூட்டில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் பகை கோட்டைக்குள் இருக்கிறவர்களுக்கும் தெரிந்த பகை அல்லவா?

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தொடங்கியது அது. முழுக்கதையை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் அவனும் இளவட்டங்களாக ஒரே படகில் வலை போட்டவர்கள். காற்று சரியில்லாத நாட்களில் கரையேறி, ஒரே துணியை விரித்து வித்தை காட்டியவர்கள். செப்படி வித்தை எனக்கு நன்றாக வரும். மாங்கொட்டையை மண்ணில் புதைத்துக் கண்ணெதிரே கன்றாக்குவது அவனுக்கு வரும். ஒரு மழைக்காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மீன் பானையைக் கண்டுபிடித்தோம். வெறும் பானையைக் கவிழ்த்துக் காட்டி, வலைத்துண்டால் மூடி, மந்திரம் சொல்லித் திறந்தால் உயிரோடு மடவை மீன் துள்ளும். சேர்ந்து கண்டுபிடித்தோம் என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன். இருபது வருஷமாக நான் தனியாகக் கண்டுபிடித்தேன் என்று நானும், அவன் தனியாகக் கண்டுபிடித்தான் என்று அவனும் ஊர் ஊராகச் சொல்லிவந்தோம். பொன்னேரிச் சந்தையில் ஒருநாள் இதற்காகக் கட்டிப் புரண்டோம். அன்றோடு துணி இரண்டாகக் கிழிந்தது. அவன் ஏரியின் மேற்குக் கரைக்குப் போய்விட்டான்.

அவன் பெற்ற பிள்ளையை நீ கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். அதைத் தருமலிங்கத்தை எழுத வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம், மாசியில், கோட்டைத் துரையின் துரைசானிக்குப் பிறந்தநாள் வந்தது. வித்தைக்காரன் ஒருவனை அழைத்துவரச் சொல்லித் துரை உத்தரவு. துபாசி சிங்காரத்தை உனக்குத் தெரியும். எதையும் பயந்து பயந்து செய்கிறவர். ஒருவன் வராமல்போனால் என்ன செய்வது என்று என்னிடம் ஓர் ஆளையும் ஆரம்பாக்கத்துக்கு ஓர் ஆளையும் அனுப்பிவிட்டார். கோட்டை முற்றத்தில் நான் மூட்டையை அவிழ்க்கிறேன். எதிர்ப்பக்கம் எல்லப்பன் மூட்டையை அவிழ்க்கிறான்.

"இன்னா சிங்காரம், இவன் இன்னாத்துக்கு இங்க?" என்றேன்.

"நான் கேக்க வேண்டியத அவன் கேக்கறான் பாரு" என்றான் எல்லப்பன்.

சிங்காரம் கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சமா ஆடிட்டுப் போங்கப்பா. துரை எதுர்ல என் மானத்த வாங்காதீங்க" என்றார். துரை, துரைசானி, இருபது உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இனி எங்கே விலகிப்போவது?

முதலில் எல்லப்பன் இறங்கினான். மாங்கொட்டையை மண்ணில் வைத்தான், தண்ணீர் தெளித்தான், துணியால் மூடினான். நான் சும்மா நின்றிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தத் துணி மடிப்ப ஒரு தபா உதறச் சொல்லு, மூணு மாங்கன்னு உழும்" என்று முணுமுணுத்தேன். சிங்காரத்துக்குக் காதில் விழுந்ததெல்லாம் வாயால் உலாந்தா பாஷையில் வெளியே வந்துவிடும். அத்தனை வருஷப் பழக்கம். துரை உதறச் சொன்னார். சாண் அளவு ஒன்று, முழ அளவு ஒன்று, இலை விட்டது ஒன்று என மூன்று கன்றும் வரிசையாக விழுந்தன.

எல்லப்பன் கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். நான் செப்புக் கிண்ணங்களைக் கவிழ்த்து உண்டையை மறைத்தேன். "உண்டை செப்புல இல்ல, தேசப்பன் கக்கத்துல கீது" என்றான். சிங்காரம் அதையும் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். விழுந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. மீன் பானையை எடுத்தேன். அதை மட்டும் அவன் தொட மாட்டான் என்று நினைத்தேன்; தொட்டால் அவன் பிழைப்பும் போகும் அல்லவா? ஆனால் கோபம் கணக்குப் பார்க்குமா? பானையைப் பிடுங்கி, "உள்ள இன்னொரு பானை கீது பாருங்க" என்று தலைகீழாக உதறினான். நான் இந்தப் பக்கம் இழுக்க, அவன் அந்தப் பக்கம் இழுக்க, தண்ணீரும் மடவையும் பறந்து போய்த் துரைசானியின் மடியில் விழுந்தன.

வாசலில் நின்ற சிப்பாய்கள் இரண்டு பேர் முன்னே வந்தார்கள். கோட்டைக்குக் கீழே நிலவறை இருப்பதாகச் சொல்வார்களே, அது என் கண்முன் வந்தது. பானையின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை எல்லப்பனும் பிடித்தபடியே நிற்கிறோம். துரைசானியின் பாவாடை மடிப்பில் மடவை துள்ளுகிறது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. துரை சிரித்தார். சமையற்கட்டிலிருந்து எட்டிப்பார்த்தவனும் சிரித்தான். இதெல்லாம் நாங்கள் பேசிவைத்து ஆடிய ஆட்டம் என்று நினைத்துவிட்டார்கள்!

கம்பெனித் தலைமை இருக்கும் பத்தாவியாவிலிருந்து பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் கப்பலில் வருகிறார், அன்றைக்கும் இதே ஆட்டத்தை இதே மாதிரி ஆட வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். எட்டே நாள். முடியாது என்று சொல்லலாமா என்று சிங்காரத்தைக் கேட்டோம். "சொல்லுங்க. நானும் உங்க கூடவே கோட்டைய விட்டுக் கெளம்பிடறேன். இனிமே மூணு பேருக்கும் இங்க வேல இல்ல" என்றார். கோட்டை வாசலிலும் ஊர்ச் சந்தையிலும் வித்தை காட்டத் தடை விழுந்தால் மழைக்காலத்தில் அடுப்பு எப்படி எரியும்? இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

ஒத்திகை பார்க்க வேண்டுமே, எங்கே பார்ப்பது? அவன் கோட்டைக்குப்பத்துக்கு வர மாட்டேன் என்றான். நான் ஆரம்பாக்கத்தில் கால் வைக்க மாட்டேன் என்றேன். கடைசியில் ஏரி நடுவே ஒரு மணல்திட்டில் சந்திப்பது என்று முடிவாயிற்று. காலையில் நான் கிழக்கேயிருந்து என் படகில் போனேன்; அவன் மேற்கேயிருந்து அவன் படகில் வந்தான். பூநாரைகள் எழுந்து தள்ளிப்போய் நின்றுகொண்டன. நாங்கள் போடுகிற சண்டையை அவற்றைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

நான் முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டேன். என் பெண்ணைப் பற்றியோ உன் பிள்ளையைப் பற்றியோ ஒரு பேச்சு வரக் கூடாது; வந்தால் படகேறிப் போய்விடுவேன் என்றேன். எல்லப்பன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு, "உன் இஸ்டம்" என்றான்.

பொய்ச் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா தனக்கோடி? இருபது வருஷம் சுலபமாக வந்த கோபம், வா என்று கூப்பிட்டால் வரவில்லை. "நீ பானைய புடுங்கு" என்கிறேன். "நீ மொதல்ல கெட்டியா புடி, அப்பதான புடுங்க முடியும்" என்கிறான். பிடித்தால், "அவ்ளோ கெட்டியா புடிக்காத, ஒடஞ்சிடும்" என்கிறான். அப்போதுதான் அவன் பானையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்பானையின் வாயை மெழுகு வைத்து அடைத்து, ஒரு நூல் இழுப்பில் திறக்கும்படி செய்திருக்கிறான். என் பானையில் மீன் வெளியே வர மூன்று தடவை மந்திரம் சொல்ல வேண்டும். அவனுடையதில் பாதி மந்திரத்திலேயே வந்துவிடும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எத்தினி நாள் புடிச்சுது?" என்று கேட்டேன். "நாலு வருசம்" என்றான். என் வாய் அவனைப் பாராட்டவில்லை. ஆனால் உன் அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுக் குழம்பில் பாதியை அவன் பக்கம் தள்ளிவைத்தேன்.

தருமலிங்கத்துக்குக் கை வலிக்கிறதாம். மீதியை நாளைக்கு எழுதலாம் என்கிறார்.

*

பங்குனி பதினொன்று.

நேற்று விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். இன்று உன் மாமனாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒத்திகையில் சண்டை வராமல்போனது தன்னால் இல்லை, தன் கோபம் நன்றாகவே இருந்தது, என் கோபம்தான் சப்பென்று இருந்தது என்று எழுதச் சொல்கிறார். எழுதும் தருமலிங்கம். கடிதம் போவது அவருடைய மருமகளுக்கும்தானே.

கப்பல் வந்தது. இந்த முறை ஆட்டம் கோட்டைக்கு வெளியே, மைதானத்தில். துரைசானி கேட்டுக்கொண்டதால் குப்பத்து ஜனங்களையும் வந்து பார்க்க விட்டார்கள். நம் குப்பம் முழுக்க ஒரு பக்கம், ஆரம்பாக்கத்துக்காரர்கள் மறுபக்கம். முன்வரிசையில் உன் அம்மாவும் உன் மாமியார் பொன்னியம்மாளும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவர்களுக்கு எப்போது பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டத்தின் பரபரப்பில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மாங்கன்றுகள் விழுந்தன. உண்டை விழுந்தது. எல்லாம் ஒத்திகையில் செய்தபடியே நடந்தது. ஒரு சிரிப்பும் வரவில்லை. பத்தாவியா உத்தியோகஸ்தர் கொட்டாவி விட்டார். துரை திரும்பிச் சிங்காரத்தைப் பார்த்தார். சிங்காரம் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தின் நடுவே நின்று ஆடி ஒருவரும் சிரிக்காமல்போவதைப் போல ஓர் அவமானம் உலகத்தில் இல்லை, மகளே. நிலவறையே தேவலாம் என்று தோன்றியது.

ஏதாவது செய்தாக வேண்டும். எல்லப்பனை உண்மையாகவே குத்துகிற மாதிரி ஒன்று சொல்ல வேண்டும், அப்போதுதான் சண்டை சூடு பிடிக்கும் என்று நினைத்தேன். அந்த அவசரத்தில், நானே போட்ட நிபந்தனையை நானே உடைத்தேன். "பெத்த புள்ளைய ஒயுங்கா வளக்கத் தெரியாதவன், பானைய பத்தி பேச வந்துட்டான்" என்றேன்.

எல்லப்பன் முகம் மாறியது. அது ஒத்திகை முகம் இல்லை. பானையைக் கீழே வைத்தான்.

"நீ இன்னாய்யா பேசற? உம் பேத்தி பொறந்து நாப்பது நாளாவுது. அது தெரியுமா ஒனக்கு?"

மைதானம் கொல்லென்று சிரித்தது. ஏன் சிரித்தார்கள் தெரியுமா? கோட்டைக்குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வீட்டு வேலம்மாவுக்குத் தெரியும், அவள் மீன்கூடையைச் சுமக்கிற மருமகளுக்குத் தெரியும். எனக்கும் கறுப்பாட்டுக்கும் மட்டும்தான் தெரியாது. சிங்காரம் மூச்சுவிடாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பத்தாவியாக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. கையிலிருந்த செப்பு நழுவியது. மறைத்துவைத்திருந்த உண்டைகள் ஒவ்வொன்றாக உருண்டன. அதற்கும் சிரித்தார்கள்.

"பேத்தியா?" என்றேன்.

"பேத்திதான்."

"தனக்கோடி எப்படிக் கீறா?"

"நல்லாக் கீறா. சுகப் பிரசவம்."

"கொயந்த யார் சாடை?"

முன்வரிசையிலிருந்து உன் அம்மா எழுந்து நின்றாள். "ஓலையில எய்தி கீறா. எங்க நைனா மூக்குன்னு எய்தி கீறா" என்று கத்திச் சொன்னாள். ஜனங்கள் என் மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். சிங்காரம் என் மூக்கைக் காட்டி உலாந்தா பாஷையில் விளக்கம் சொன்னார்.

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆயிரம் பேர் எதிரே அழப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. தலைப்பாகைத் துணியை முகத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றால், அதை ஆட்டுக்குட்டி தின்றுவிட்டதே!

அப்போதுதான் உன் மாமனார் அந்தக் காரியம் செய்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்காகச் சொல்லவில்லை. எழுந்து போனாலும் இதையேதான் சொல்வேன். என்னை மறைத்தபடி முன்னால் வந்து நின்று, என் செப்புகளை எடுத்து, என் செப்படி வித்தையைக் காட்டத் தொடங்கினார். உண்டையைக் கீழே விட்டார். தேடப் போய்ச் செப்பின் மேலேயே உட்கார்ந்தார். எழுந்து, ஒரு செப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதையே எங்கே எங்கே என்று தேடினார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கண்ணும் என் பக்கம் திரும்பவில்லை. நான் என் பாட்டுக்கு அழுது முடித்தேன்.

எல்லப்பனுக்குச் செப்படி வித்தை தெரியாது என்று நினைக்கிறாயா? ஒரே துணியில் ஆடிய காலத்திலேயே, அது எனக்கு வரும் அளவுக்கு அவருக்கும் வந்துவிட்டது. தன்னைப் பார்த்து ஒருவர் சிரித்தாலும் மூன்று நாள் சோறு இறங்காத மனுஷன் அவர். பொன்னேரிச் சந்தையில் வாய்ச்சண்டை கட்டிப் புரள்வதாக மாறியதே, அவரைப் பார்த்து ஒருவன் சிரித்துவிட்டான் என்பதால்தான். அப்படிப்பட்டவர் ஊர் முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்துகொண்டார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. மறுநாள் விடிந்ததும் படகை எடுத்து ஏரியைத் தாண்டி நேராக ஆரம்பாக்கத்தில் போய் இறங்கினேன். "எங்க வந்த?" என்று கேட்டார். "மெழுகு எங்க வாங்கறன்னு கேக்க வந்தேன்" என்றேன். உள்ளே வரச் சொன்னார். பொன்னியம்மாள் நண்டு சமைத்துப் போட்டாள். எல்லப்பன் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டவனுக்கு அன்றைக்குச் சம்பந்தி என்று வாயில் வந்தது.

உன் அம்மாவும் உன் மாமியாரும் இரண்டு வருஷமாகப் பழவேற்காட்டுச் சந்தையில் வாரம் தவறாமல் சந்தித்திருக்கிறார்கள். நீ மாமனார் வீட்டுக்கு எழுதுகிற ஓலையெல்லாம் அம்மாவுக்கும் வந்துசேர்ந்திருக்கிறது. வீட்டில் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தாள். பானைக்குள் ஒளிக்கும் வித்தையை இருபது வருஷமாக ஊருக்குக் காட்டியவன், என் வீட்டுப் பானையைக் கவனிக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்ல வந்த போதெல்லாம் தனக்கோடின்னு பேர் எடுத்தாலே எழுந்து போனது யாரு?" என்றாள்.

துரைசானி மைதானத்து ஆட்டத்தன்று சிரிக்கவில்லையாம். சிங்காரத்தைத் தனியே அழைத்து, அந்த மனிதன் அழுதது நிஜமா என்று கேட்டிருக்கிறாள். நிஜம்தான் என்றிருக்கிறார். மறுநாள் ஒரு சின்னக் குல்லாய் கொடுத்தனுப்பினாள். ஓரமெல்லாம் நூல் பின்னல். அவள் பிள்ளைகளுக்குப் போட்டதாம். அவர்கள் இருப்பது அவளுடைய ஊரில், கப்பலில் எட்டு மாதப் பயணம். இந்தக் கடிதத்தோடு அதையும் அனுப்புகிறேன். நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவை. கடிதம் கம்பெனிக் கப்பலில் வருவதும் அந்த அம்மாள் தயவுதான்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே துணி விரித்துத்தான் ஆடுகிறோம். போன வெள்ளிக்கிழமை பொன்னேரியில் ஆடினோம். கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. சண்டை நன்றாக வருகிறது. ஏனென்றால் மீன் பானையை யார் முதலில் நினைத்தது என்பதில் இன்னும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. இதோ, தான்தான் என்று எழுதச் சொல்கிறார். எழுத வேண்டாம் தருமலிங்கம்.

சம்பந்தி வெற்றிலை போட வெளியே போயிருக்கிறார். அவர் வருவதற்குள் ஒன்று சொல்கிறேன்.

உன் கல்யாணத்தன்று நான் வரவில்லை. வலை பின்ன வேண்டிய அவசரம் என்று ஊரில் சொன்னேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை பின்னினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒரு கண்ணோடு ஒரு கண் சேரவில்லை. முழுவதையும் பிரித்துப் போட்டேன். நீங்கள் நாகப்பட்டினத்துக்குக் கிளம்பிய அன்று நான் கடலுக்குப் போயிருப்பதாக அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். கடலில் இல்லை. கோட்டை மதில் ஓரம் நின்று, பாய் மறையும் வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் ஓலைகளை நேற்றுச் சாயங்காலம் தருமலிங்கம் வாசித்துக் காட்டினார். ஒவ்வொன்றின் கடைசியிலும் நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். இதோ இருக்கிறேன்.

சித்திரையில் இன்னொரு கப்பல் தெற்கே வருகிறது. சம்பந்தியும் பொன்னியம்மாளும் அதில் வரப்போகிறார்கள். அம்மாவும் துணிமூட்டை கட்டிவிட்டாள். அவர்கள் யாரும் உன்னைக் கேட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை. நான் கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும். வா என்று ஒரு சொல் எழுதி அனுப்பு. வர வேண்டாம் என்று எழுதினாலும் எனக்குக் கோபம் இல்லை. அதற்கடுத்த கப்பலுக்கு மறுபடியும் கேட்டு எழுதுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல், காற்றும் கடலும் உங்களுக்குச் சாதகமாக, நிறைந்த வாழ்வு வாழ வேண்டும். குழந்தைக்குக் காது குத்துகிற நாள் இன்னும் குறிக்கவில்லை என்று உன் ஓலையில் இருந்தது. உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அவளுக்குத் தாய்மாமன் மடி இல்லை. யார் மடியில் உட்கார வைப்பது என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். கொஞ்சம் பொறு, அம்மா. என் மடி சும்மாதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நைனா
தேசப்பன் கைக்கீறல்